உபாத்தியாயர் இடும் மதிப்பு

பொழிச்சலூரை வட திருநள்ளாறு என்று கொண்டாடும் பக்தர்கள் பலர். சனிக்கிழமைதோறும் அகஸ்தீசுவரர் கோயிலில் சனீசுவரனுக்கு எள் தீபம் ஏற்றக் கூட்டம் கூடுகிறது. அடங்காத பிள்ளையையோ வாய் திறவாத பிள்ளையையோ பெற்றோர் கிரக தோஷத்தைக் காரணமாகக் கருதுவது நம் நாட்டில் புதிதன்று. தெய்வ நம்பிக்கையைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் அப்பிள்ளையை நாள்தோறும் பல மணி நேரம் கண்ணெதிரே வைத்துப் பார்க்கும் உபாத்தியாயரை ஒருவரும் கேட்பதில்லை என்பதே நமது முறையீடு.

பிற தேசங்களில் அவரைக் கேட்கிறார்கள். 1967-ல் மைக்கேல் ரட்டர் என்னும் மனோவைத்தியர், உபாத்தியாயர்கள் பூர்த்தி செய்வதற்கென 26 வாக்கியங்கள் கொண்ட வினாப் பத்திரத்தை இங்கிலாந்தில் வெளியிட்டார். 1997-ல் ராபர்ட் குட்மன் 25 வாக்கியங்களில் மற்றொன்றை வகுத்தார். அது தமிழிலும் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே உண்மையன்று, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்னும் மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும். துக்கமும் பயமும், துர்நடத்தை, நிலைகொள்ளாமை, தோழரோடு பழகுவதில் கஷ்டம் ஆகிய நான்குக்கும் சேர்த்து 40 எண். பிறருக்கு உதவும் குணமும் கேட்கப்படுகிறது. அது கூட்டலில் சேராது.

2005-ல் வெளியான பெங்களூர் ஆராய்ச்சி ஒன்றில், 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பேருக்கு மனோவியாதி காணப்பட்டது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஐவர் என்று கொள்ளலாம். இவ்வைவரை வைத்தியர் தேடிக் கண்டுபிடிக்க இயலுமா? 2013-ல் தொடங்கிய தேசிய பாலர் சுகாதாரத் திட்டத்தின்படி வைத்தியக் குழு ஒரு பள்ளிக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறை. மற்ற நாட்களில் உபாத்தியாயரே கதி.

எனினும் உபாத்தியாயரின் கண்ணுக்கும் ஒரு பழுது உண்டு. அமெரிக்காவில் விக்மன் என்பவர் 1928-லேயே அதை எடுத்துக் காட்டினார். திருட்டு, பொய், கீழ்ப்படியாமை போன்று வகுப்பின் ஒழுங்கைக் குலைப்பவற்றையே உபாத்தியாயர்கள் பெருங்கேடாக மதித்தார்கள். மனோதத்துவ நிபுணர்களோ ஒதுங்கியிருத்தல், அச்சம், மனச்சோர்வு ஆகியவற்றையே அபாயமாக மதித்தார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு பொழிச்சலூர்ப் பக்கத்து வீடுகளில் வெள்ளம் புகுந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய இரவுக்குப் பின் ஒரு பிள்ளை வகுப்பில் கலகம் செய்தால் போக்கிரி என்று பெயர். மற்றொரு பிள்ளை மழை இருட்டியதும் வாயடைத்து உட்கார்ந்தால் சமர்த்து என்று பெயர்! வினாப் பத்திரத்தின் பெரும்பயன் இங்கேதான். கேட்காவிட்டால் உபாத்தியாயர் எண்ணிப் பாராத பிள்ளையைப் பற்றியும் அது கேட்டுவிடுகிறது.

தாய் தந்தையரையும் கேட்க வேண்டும். 119 ஆராய்ச்சிகளை ஆராய்ந்து 1987-ல் ஆக்கன்பாக்கும் தோழர்களும் கண்டது, பிள்ளையை வெவ்வேறு இடங்களில் காண்பவர்களின் மதிப்புகளுக்குள் ஒற்றுமை 0.28 மட்டுமே என்பதாகும். ஒருவர் பொய் சொல்கிறார் என்பதன்று இதன் பொருள். வீட்டுப் பிள்ளை வேறு, வகுப்புப் பிள்ளை வேறு.

அந்நிய அளவுகோலை அப்படியே ஏற்பதும் நமக்குச் சம்மதமன்று. குட்மனின் பத்திரத்தில் உபாத்தியாயர் இட்ட எண் 16-ஐ எட்டினால் கவலைக்குரியது என்னும் எல்லை, பிரிட்டிஷ் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர் அதில் அடங்கும்படி வகுத்தது. பொழிச்சலூர்ப் பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்? நம் சர்வகலாசாலைகள் நம் பிள்ளைகளைக் கொண்டு எல்லை வகுக்கட்டும். முன்னர் அந்நிய ஆட்சியில், பிள்ளைகள் பரீட்சையில் தேறிய கணக்குக்குத் தக்கபடி பள்ளிகளுக்கு மானியம் அளந்து, உபாத்தியாயர்களை உருப்போட வைக்கும் யந்திரங்களாக்கினார்கள். எண்ணுக்கு அடிமைப்பட்டால் வரும் கேடு இம்மாகாணம் அறியாததன்று.

ஜாதித் துவேஷமோ ஏழ்மையைக் கண்டு இகழ்ச்சியோ உள்ள ஒருவர் கையில் இதே பத்திரம் முத்திரைக் கட்டையாகிவிடும். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. தாளில் எழுதிப் புண்படுத்துவதும் அதில் அடங்கும் என்பது நமது அபிப்பிராயம். அதே சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். ஊர்த் தொண்டர்கள் அக்குழுவின் கூட்டத்துக்கு முன்பே பெற்றோரைக் கண்டு மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்ய வேண்டும்: பத்திரம் யார் பெட்டியில் பூட்டப்படும்? எண் மிகுந்த பிள்ளையை எத்தனை நாளில், எந்த வைத்தியர் பார்ப்பார்? பிள்ளை வேறு பள்ளிக்கு மாறும்போது, மாற்றுச் சான்றிதழோடு அத்தாளும் கூடவே போகுமா, போகாதா?