பதினான்கு நாள் கணக்கும் முகூர்த்த நாளும்

கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்ததை யாவரும் அறிவோம். ஆலயங்களும் பள்ளிகளும் மண்டபங்களும் மூடப்பட்டன. முதலில் மார்ச் 31 வரை என்றார்கள். பிறகு ஏப்ரல் 14, ஏப்ரல் 28, மே 12 என இரண்டிரண்டு வாரமாக நீட்டித்தார்கள்.

அது ஏன் பதினான்கு நாள் என்று அப்போது கேட்காதவர் குறைவு. கிருமி உடலில் புகுந்த பின் நோயின் அறிகுறி தென்படப் பெரும்பாலோர்க்கு ஐந்தாறு நாள் ஆகும். சிலருக்குப் பதினான்கு நாள் வரை செல்லும். ஆகவே இன்று கதவடைத்தால் அதன் பலன் ஏறத்தாழ இரு வாரம் கழித்தே தெரியவரும். வளர்பிறை, தேய்பிறை என்று பட்சக் கணக்கில் பழகிய நமக்கு இக்கணக்கு புதிதன்று. அரிசி, பருப்பு, மருந்து ஆகியவற்றை ஒரு பட்சத்திற்கு மட்டும் திட்டமிட்ட இல்லத்தரசிகளே அதிகம் அலைக்கழியாமல் இருந்தனர். ஆணையின் தொடக்க வாரங்களில் வீட்டுக்கு ஒருவர்தான், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள்தான், பொருள் வாங்கச் செல்லலாம் என்ற விதியும் இருந்ததல்லவா!

அம்பாங் வாசிகளுக்குத் தொலைவு மட்டுமின்றி எல்லையும் தொல்லையாயிற்று. ஒரே அம்பாங் என்று நாம் சொன்னாலும், ஜாலான் அம்பாங்கின் ஒரு பகுதி கூட்டரசுப் பிரதேசத்திலும் மறுபகுதி சிலாங்கூரிலும் உள்ளது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்திற்கு உட்பட்ட இடங்களிலேயே அம்பாங் உலு லங்காட் மாவட்டத்தையும், உலு கிள்ளான் கோம்பாக் மாவட்டத்தையும் சேர்ந்தவை. 2020 அக்டோபர் 14இல் சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயாவில் கட்டுப்பாடு மீண்டும் இறுகி, மாவட்டம் கடக்கத் தடை வந்தது. வேலைக்குச் செல்வோர் முதலாளியின் கடிதத்தைக் காட்டிக் கடக்கலாம். பக்கத்துத் தாமானில் இருக்கும் அக்காளைப் பார்க்கக் கடிதம் தருவார் யார்?

பெரிதும் திணறியவர்கள் திருமணம் நிச்சயித்திருந்த குடும்பத்தார். பங்குனி, சித்திரை முகூர்த்தங்கள் கைநழுவின. 2020 ஜூலை 1 முதல் 250 பேருக்கு மிகாமல் விருந்து நடத்த அனுமதி கிடைத்தது. ஆனால் ஜூலை 16இல் ஆடி பிறந்துவிட்டது. ஆக, ஆனியில் மிஞ்சியது இரண்டே வாரம். பின்னர் ஆகஸ்டு நடுவில் ஆவணி பிறந்தது; செப்டம்பர் நடுவிலோ புரட்டாசி வந்துவிட்டது. புரட்டாசியிலும் பலர் திருமணம் வைப்பதில்லை. அது கழிந்து ஐப்பசி பிறப்பதற்குள் அக்டோபர் 14 வந்துவிட்டது. அரசாங்க நாட்காட்டியையும் நம் பஞ்சாங்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், அவ்வாண்டின் பிற்பாதியில் தாராளமாகக் கிடைத்தது ஆவணி ஒன்றே. அதை விட்டவர்களுக்குக் கிடைத்த பாடம், மண்டபத்தை விட முகூர்த்தத்தைப் பிடித்துக்கொள்வது மேல் என்பது. தாலி கட்டும் சடங்கைச் சிலரோடு முடித்து, விருந்தைப் பின்னுக்குத் தள்ளலாம். விருந்துக்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.

திருவிழாவோ தள்ளிப்போகாது. 2021 ஜனவரி 28, தைப்பூசத்தன்று, பத்துமலை பக்தர்களுக்குத் திறக்கப்படவில்லை. நாள் மாறவில்லை, கூட்டந்தான் இல்லை. காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் வீட்டில் விளக்கேற்றி வேண்டுதலை மறு ஆண்டுக்கு வைத்தார்கள்.

மாத்திரை தள்ளிப்போகாததில் சேர்ந்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவமனை செல்ல அஞ்சி மருந்தை நிறுத்தியது, கிருமியைப் போலவே ஆபத்தானது. அரசாங்க மருத்துவமனைகளின் மருந்துகளை அஞ்சல் வழி பெறும் வசதி தொற்றுக்கு முன்பிருந்தே உண்டு. பலருக்கு அது தெரியவந்தது அப்போதுதான்.

எல்லாவற்றிலும் கடினமானது சாவு வீடு. தொற்றினால் இறந்தவரைக் குளிப்பாட்டவும் வீட்டில் கிடத்தவும் வழியில்லை. தகனத்திற்கு மிகச் சிலரே சென்றனர். நெருங்கிய தொடர்பில் இருந்த பிள்ளைகள் தனிமைப்படுத்தப்பட்டதால், கொள்ளி வைக்கவும் இயலாத வீடுகள் உண்டு. 2020இல் அத்தனிமை பதினான்கு நாள். கருமக்கிரியை பதினாறாம் நாள். தந்தை இறந்த அன்றே தனிமை தொடங்கியிருந்தாலும், அது முடிந்து வெளியே வந்த மகன், அந்த நாளில் எள்ளும் நீரும் இறைக்க முடிந்தது.