‘ஒரு காபிதானே குடிச்சேன்...’ - மயக்க டாக்டரிடம் எதையும் ஏன் மறைக்கக் கூடாது?

ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம் ‘யார் பண்ணாங்க?’ என்று கேட்டால், சர்ஜன் பெயரைச் சட்டென்று சொல்வார். ‘மயக்க மருந்து கொடுத்தது யார்?’ என்றால் பெரும்பாலும் பதில் வராது. ‘ஊசி போட்டாங்க, தூங்கிட்டேன்’ என்பதோடு முடிந்துவிடும். ஆனால், ஆபரேஷனுக்கு முன்பு நாம் அதிகம் மனம்விட்டுப் பேச வேண்டியது அந்த டாக்டரிடம்தான்.

ஊசி போட்டதும் போய்விடுவாரா?

இல்லை. மயக்கவியல் நிபுணரும் எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் சிறப்புப் படிப்பு படித்த டாக்டர்தான். முழு மயக்கம் என்பது சாதாரணத் தூக்கம் அல்ல. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால், தானாக மூச்சுவிடக்கூட முடியாது; குழாய் வழியாகச் சுவாசம் தர வேண்டும். துடிப்பு, பிரஷர், ஆக்சிஜன் அளவை நொடிக்கு நொடி பார்த்து, மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கடைசியில் கண் விழிக்க வைப்பதும் இவர் வேலை.

காபி குடித்தால் என்ன ஆகும்?

மயக்கத்தில் இருமவோ விழுங்கவோ முடியாது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் லேசான உணவுக்குப் பிறகு 6 மணி நேரம், பிரியாணி, எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8 மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் இடைவெளி என்பது பொதுவான கணக்கு. பால் கலந்த காபி, டீயும் 6 மணி நேரக் கணக்கில்தான் வரும். உங்கள் டாக்டர் வேறு நேரம் சொன்னால், அதுவே இறுதி.

மறந்துபோய் குடிச்சிட்டீங்களா? சொல்லிடுங்க. லீவு போட்டாச்சு, நல்ல நேரம் பார்த்தாச்சு என்று மறைக்க வேண்டாம். சொன்னால் ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வேறு என்னவெல்லாம் சொல்லணும்?

* ரத்தம் உறையாமல் இருக்க, சுகருக்கு, பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரைகள். சிலவற்றை முன்கூட்டியே நிறுத்த வேண்டும், சிலவற்றை நிறுத்தவே கூடாது. நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.
* உடல் எடை குறைக்கப் போடும் ஊசி. இவற்றில் சில, வயிறு காலியாகும் வேகத்தைக் குறைப்பவை.
* நாட்டு மருந்து, சப்ளிமென்ட்.
* ஆடும் பல், பலத்த குறட்டை, மருந்து அலர்ஜி.
* குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருந்தால், அதுவும். சில பாதிப்புகள் பரம்பரையாக வரக்கூடியவை.

சிகரெட், மது பற்றி அப்பா, அம்மா முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கலாம். ‘தனியா பேசணும் டாக்டர்’ என்று கேளுங்கள். அவர் கேட்பது உங்களைக் குறை சொல்ல அல்ல. மருந்தின் அளவு, நுரையீரலின் நிலை எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் வலிக்குமா?

சிசேரியன் செய்துகொண்ட பலர் இப்படி நம்புகிறார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம்; சிலருக்குத் தலைவலி வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால், நாள்பட்ட முதுகுவலிக்கு இந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் உறுதி செய்யவில்லை.

நடுவில் விழித்துக்கொண்டால்?

மிக அரிது. பிரிட்டன், அயர்லாந்தில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான பெரிய ஆய்வில், முழு மயக்கம் தரப்பட்ட சுமார் 19,000 பேரில் ஒருவர்தான் அப்படிப் புகார் சொன்னது தெரியவந்தது. முன்பு உங்களுக்கு அப்படி நடந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நாம் என்ன கேட்கலாம்?

முழு மயக்கமா, மரத்துப்போக மட்டும் ஊசியா? ஏன் அது? எனக்கு என்ன ரிஸ்க்? வலியை எப்படிச் சமாளிப்பீர்கள்? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்.