பாதி வாக்கியம் அச்சேறும்போது

பிரிட்டனில் அபாயகரமான நாய்கள் சட்டம் 1991-ல் வந்தது. நாய்கள் மனிதரைக் கடித்துக் குதறிய செய்திகளால் மக்கள் கொதித்துப் போயிருந்த நேரம். அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். பிட்புல் உட்பட நான்கு வகை நாய்களுக்குத் தடை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரி 1 முதல், விலக்குச் சான்றிதழ் இல்லாமல் எக்ஸ்எல் புல்லி வகை நாய் வளர்ப்பதும் குற்றம்.

விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ., நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் போன்ற அமைப்புகள் இனத் தடையை எதிர்க்கின்றன. கடிக்கிற நாயைக் கண்டுகொள்ளாதீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. சட்டத்தின் 1-வது பிரிவு நாயின் உடல்வாகைத்தான் பார்க்கிறது. தாய் லாப்ரடாராகவே இருக்கட்டும், குட்டியின் தலையும் மார்பும் தடைசெய்த வகையோடு பெருமளவு ஒத்துப்போனால் அதுவும் தடைக்குள் வந்துவிடும். மரபணுச் சோதனை காப்பாற்றாது. 3-வது பிரிவோ, எந்த இன நாயானாலும் கட்டுமீறி ஆபத்தாக நடந்தால் அதை வைத்திருப்பவரைத் தண்டிக்கிறது. நாயின் நடத்தையையும் வளர்ப்பவரின் பொறுப்பையும் பாருங்கள் என்பதே எதிர்ப்பாளர்களின் வாதம்.

இதை ஒருவர் நிருபரிடம் சொல்கிறார் என்று வையுங்கள்: "கடித்த நாயின் சொந்தக்காரருக்குக் கடும் தண்டனை வேண்டும், ஆனால் இனத்தைப் பார்த்துத் தடை போட்டுப் பலனில்லை." பக்கத்தில் இடம் போதவில்லை, முன்பாதியை வெட்டிவிடுகிறார்கள். துணையாசிரியர் "தடை வேண்டாம்: நாய் ஆர்வலர் பிடிவாதம்" என்று தலைப்பு வைக்கிறார். மேற்கோளில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் நாய்க்கடியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார் அதைப் படித்தால், நம் துக்கத்தைவிட இவருக்கு நாய்தான் பெரிதா என்றுதான் நினைப்பார்கள். சொன்னவருக்கும் படித்தவருக்கும் இது கொடுமை.

இதற்குப் புகார் செய்ய வழி இருக்கிறது. பிரிட்டனின் பெரும்பாலான நாளிதழ்கள் இப்ஸோ என்ற கண்காணிப்பு அமைப்பின் கீழ் வருகின்றன. அதன் நடத்தை நெறியில் முதல் விதியே துல்லியம்தான். செய்தியில் ஆதாரம் இல்லாத தலைப்பு வைப்பதும், பொருளைத் திரிப்பதும் விதிமீறல். முக்கியமான பிழையென்றால் உடனே, கண்ணில் படும் இடத்தில் திருத்தம் போட வேண்டும். செய்தி வெளிவந்து நான்கு மாதத்துக்குள் புகார் தரலாம். கார்டியன் நாளிதழ் இப்ஸோவில் சேரவில்லை. அந்த ஏட்டுக்கே எழுத வேண்டும். தொலைக்காட்சி, வானொலி என்றால் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு.

புகார் நிற்பதற்கு ஆதாரம் வேண்டும். அதனால் பேட்டி தருபவர் தன் கைபேசியிலும் பதிவு செய்துகொள்வது நல்லது. வெட்ட முடியாதபடி சுருக்கமாகப் பேசுவது அதைவிட நல்லது: "எந்த நாய் கடித்தாலும் வளர்த்தவர் பதில் சொல்லணும், புல்லி வளர்த்தவர் மட்டுமில்லை."