கூனன் அல்ல, அந்த ராஜா!

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு 1485-ல் போர்க்களத்தில் மாண்டார். சுமார் 100 ஆண்டுகளுக்குப் பிறகு ஷேக்ஸ்பியர் அவரை நாடகமாக்கினார். கூன் முதுகு, சூம்பிய கை, இரக்கமற்ற நெஞ்சு! அதையே சரித்திரம் என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள்.

2012-ல் லெஸ்டர் நகரில் கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டியபோது, ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மைதான். அதனால் ஒரு தோள் சற்றே உயர்ந்திருக்கும், கூன் இல்லை. கைகள் இரண்டும் நன்றாகவே இருந்தன.

ஷேக்ஸ்பியர் காலத்தில் அரியணையில் இருந்தவர் எலிசபெத் ராணி. ரிச்சர்டை வீழ்த்தி முடிசூடிய ஏழாம் ஹென்றியின் பேத்தி! பாட்டனாரின் பகைவனைப் புகழ்ந்து எழுத யாருக்குத் துணிவு வரும்? அவர் படித்த சரித்திர நூல்களும் அந்த வம்சத்தின் ஆட்சியில் எழுதப்பட்டவையே.

அண்ணன் பிள்ளைகள் இருவரையும் ரிச்சர்டு கொன்றார் என்ற பழிக்கு மட்டும் எலும்புகள் பதில் சொல்லவில்லை. 2015-ல் லெஸ்டர் தேவாலயத்தில் அவரை மரியாதையுடன் மறுபடி அடக்கம் செய்தார்கள்.