திரும்பி வந்த பாரம்

உடல் நிறையைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொள்வது பணக்காரரின் காரியம் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதில் உண்மை இல்லாமலில்லை. தனியார் வைத்தியசாலை என்றால் பல இலட்சம் ரூபா வேண்டும். ஆனாலும் கம்பளையைச் சுற்றியுள்ள நம் குடும்பங்களுக்கு இது இன்று கேள்விப்படாத விடயம் அல்ல. வெளிநாட்டிலிருக்கும் மகளோ தம்பியோ செய்துகொண்டதாகச் செய்தி வருகிறது. நீரிழிவு முற்றி, முழங்கால் தேய்ந்து, வேறு வழியில்லை என்று வைத்தியரே அனுப்பிவைத்தவர்களும் உண்டு.

சிகிச்சை முடிந்த முதல் வருடம் மகிழ்ச்சியான வருடம். உடுப்பு தளர்கிறது, படியேறும்போது மூச்சு வாங்குவதில்லை, சீனி வருத்தத்துக்கான மாத்திரைகள் குறைகின்றன. இரண்டு மூன்று வருடங்கள் சென்றதும் தராசு முள் மெதுவாக மேலே ஏறத் தொடங்குகிறது. அப்போது வருவது வெட்கம். “இவ்வளவு செலவழித்தும் வாயைக் கட்டத் தெரியவில்லையே” என்று வீட்டிலும் வெளியிலும் பேச்சு. கிளினிக்கில் தாதி என்ன சொல்லுவாரோ என்ற பயத்தில் ஒரு மாதம் போகாமல் விடுகிறார்கள். பிறகு அடியோடு நின்றுவிடுகிறார்கள். கூடிய கிலோக்களைவிட இப்படி நின்றுவிடுவதே பெரிய ஆபத்து என்பதால்தான் இதை எழுதுகிறோம். சத்திரசிகிச்சை இல்லாமல் நடந்தும் உணவைக் குறைத்தும் மெலிந்து, இடம்பெயர்ந்த பின் மறுபடியும் பருத்துப்போனவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாரம் திரும்பி வருவது ஏழைக்கோ படிக்காதவருக்கோ மட்டும் நேர்வதல்ல. உதைபந்தாட்ட வீரர் மரடோனாவை அறியாதவர் இல்லை. அவர் 2005 இல் கொலம்பியாவில் இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். ஆளே மாறிப்போனார் என்று உலகம் வியந்தது. பத்து வருடத்துக்குள் நிறை திரும்பிவிட, 2015 இல் வெனிசுவேலாவில் இரண்டாம் முறையும் சத்திரசிகிச்சைக்குப் படுக்கவேண்டி வந்தது. பணமும் புகழும் வைத்தியர்களும் பக்கத்தில் இருந்த ஒருவருக்கே இப்படி.

உடல் போடும் கணக்கு

இரண்டு முறைகள் இன்று பெருவழக்காக உள்ளன. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றி, மீதியை வாழைப்பழ வடிவத்தில் ஒடுங்கிய குழாயாக விடுகிறார்கள். மற்றதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டையளவான சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலுடன் இணைக்கிறார்கள். கொஞ்சம் உண்டதும் வயிறு நிறைகிறது. அது மட்டுமல்ல. பசியைக் கிளப்பும் ஒரு சுரப்பு இரைப்பையின் மேற்பகுதியிலேதான் கூடுதலாக உண்டாகிறது. அந்தப் பகுதியே வெட்டுப்பட்டால் பசியும் தணிகிறது. குடலிலிருந்து வரும், “போதும்” என்று மூளைக்குச் சொல்லும் சுரப்புகள் கூடுகின்றன.

ஆனால் உடல் சும்மா இருப்பதில்லை. பல்லாயிரம் வருடம் பஞ்சத்துக்குப் பயந்து வாழ்ந்த உடல் அது. நிறை வேகமாகக் குறைந்தால் பஞ்சம் வந்துவிட்டதென்றே எண்ணிக்கொண்டு, எரிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிறை குறைக்கும் போட்டியொன்றில் பங்குபற்றிய 14 பேரை ஆறு வருடம் கழித்துக் கெவின் ஹோல் என்ற ஆய்வாளர் பரிசோதித்து 2016 இல் முடிவை வெளியிட்டார். இவர்கள் சத்திரசிகிச்சை செய்யாமல் கடும் உடற்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் மெலிந்தவர்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அவர்களுடைய உடல், இருக்கவேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. அது அரை இறாத்தல் பாணுக்குச் சற்றுக் குறைவான அளவு. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டும் மெலிவாக இருக்க, இவர் அதையே சாப்பிட்டுப் பருப்பதன் இரகசியம் இதில் கொஞ்சம் உண்டு.

சுவீடன் நாட்டில் 1987 இல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வு சத்திரசிகிச்சை பெற்றவர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. சிறு பையாக்கிக் குடலுடன் இணைக்கும் முறையில் சிகிச்சை பெற்றவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாகத் தங்கள் நிறையில் நூற்றுக்கு 32 பங்கை இழந்தார்கள். பத்தாம் வருடத்தில் அந்த இழப்பு நூற்றுக்கு 25 ஆக இருந்தது. நூறு கிலோ இருந்தவர் 68 ஆகி, பிறகு 75 ஆனார் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஏழு கிலோவுக்காகத்தான் பலர் தலைகுனிந்து நிற்கிறார்கள்! நல்ல வைத்திய வசதியுள்ள நாட்டிலேயே சராசரி மனிதருக்கு அது திரும்பி வந்திருக்கிறது. ஆனாலும் சிகிச்சை பெற்றவர்களிடையே, பெறாதவர்களைவிட மரணம் குறைவாக இருந்தது என்று அதே ஆய்வு 2007 இல் அறிவித்தது. கொஞ்சம் பாரம் திரும்பியதால் சிகிச்சையின் பயன் எல்லாம் வீணாகிவிடவில்லை.

இரண்டாம் முறை வந்த தூதன்

நிறை கூடியதைக் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது தங்களைத் தண்டித்துக்கொள்வது. காலைச் சாப்பாடு இல்லை, மதியம் இல்லை. பின்னேரம் கைகால் நடுங்க, பிஸ்கட் பக்கெற்றுடன் இனிப்புத் தேத்தண்ணி. இரவில் மறுபடியும் துக்கம்.

எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி மன்றாடியதை முதலாம் இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். அவரோ சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்! தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று நினைவூட்டி, மீண்டும் உண்ணக் கொடுத்தான். நிறை குறைப்பதைப் பற்றிய கட்டுரையில் சாப்பிடச் சொல்லும் தூதனா என்று வாசகர் சிரிக்கக்கூடும். ஆனால் ஒழுங்காக, நேரத்துக்கு, அளவோடு உண்பதே இங்கே முதல் மருந்து. ஊக்கம் இழந்த மனிதரை வசையால் எழுப்ப முடியாது என்பதையும் அந்த அதிகாரத்தில் பார்க்கிறோம்.

மண்வெட்டி கைவிட்டுப் போனபோது

கம்பளைப் பிரதேசத்துக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 1980களில் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக வயலையும் வீட்டையும் விட்டுக்கொடுத்து வெளியேறிய குடும்பங்கள் உண்டு. மண்சரிவு அபாயம் என்று எழுப்பப்பட்டவர்கள் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மகாவலி பெருகி, மலைகள் சரிந்தபோது வீட்டையும் கொல்லையையும் இழந்தவர்கள் உண்டு. நிலத்தை இழந்தவர் வருமானத்தை இழந்தார் என்று எல்லோரும் கணக்கெடுக்கிறார்கள். அவருடைய உடல் இழந்த வேலையை யாரும் எழுதுவதில்லை.

ஒரு மணித்தியாலம் மண் கொத்தினால் உடல் ஏறத்தாழ 300 கலோரியை எரிக்கும். உறவினர் வீட்டுத் திண்ணையிலோ பாடசாலை மண்டபத்திலோ உட்கார்ந்திருந்தால் அதில் நாலில் ஒரு பங்குதான். சாப்பாடும் மாறிப்போகிறது. நிவாரணப் பொதியில் வருவது அரிசி, கோதுமை மா, சீனி, பிஸ்கட், நூடில்ஸ். பசித்த நேரத்தில் வந்த உதவியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கொல்லையில் பறித்த போஞ்சியும் கீரையும் அந்தப் பொதியில் இல்லை. கவலையில் தூக்கமும் இல்லை. தூக்கம் குறைந்தால் பசி கூடும் என்பது வைத்தியர்கள் அறிந்த விடயம். இவ்வளவும் சேர்ந்த பின் நிறை கூடியவரைப் பார்த்து “மனவுறுதி போதாது” என்று சொல்வது அநியாயம்.

இதை மறுபக்கமிருந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவில் டேர்பி நகருக்கு அருகே வாழ்ந்த, நீரிழிவுள்ள பத்து ஆதிவாசிகள் 1982 இல் ஏழு வாரங்களுக்குத் தங்கள் மூதாதையர் நிலத்துக்குத் திரும்பிச் சென்று, வேட்டையாடியும் மீன்பிடித்தும் கிழங்கு தோண்டியும் உண்டு வாழ்ந்தார்கள். கெரின் ஓடீ என்ற பெண் ஆய்வாளர் அவர்களுடன் சென்றார். ஏழு வாரத்தில் சராசரியாக எட்டுக் கிலோ குறைந்தது. இரத்தத்தில் சீனியும் வெகுவாக இறங்கியது. நாம் எல்லோரும் பழைய நிலத்துக்குத் திரும்ப முடியாது. அந்த நிலம் சிலருக்கு இன்று நீருக்கடியில் இருக்கிறது. என்றாலும் மீள்குடியேற்றத்தில் தரப்படும் ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் காணியில் வீட்டுக்குப் பின்னால் மிஞ்சும் துண்டை வெறும் முற்றமாகச் சீமெந்து பூசிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். வல்லாரை, பொன்னாங்காணி, ஒரு முருங்கை, நாலு மிளகாய்க் கன்று போதும். தினமும் ஒரு மணித்தியாலம் குனிந்து நிமிர வேலை கிடைக்கும்.

இனி எங்கே தொடங்குவது? முதலில் கிளினிக். சத்திரசிகிச்சை செய்தவர் பாரம் கூடினாலும் குறைந்தாலும் வாழ்நாள் முழுவதும் வருடத்துக்கு ஒரு முறையாவது இரத்தப் பரிசோதனை செய்யவேண்டியவர். இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் டி, விற்றமின் பி12 ஆகியவை அவருடைய உடலில் முன்போல் சேர்வதில்லை. பாதம் மரத்துப்போனால் சீனி வருத்தம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அது பி12 குறைவாகவும் இருக்கலாம். மெற்போமின் மாத்திரை எடுப்பவருக்கும் பி12 குறையக்கூடும். தோட்டப்புறத்தவர்களான நாம் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும்: இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியுடன் விழுங்கினால் அது உடலில் சேராது. கல்சியம் மாத்திரையுடனும் சேர்த்து எடுக்கக்கூடாது. இரண்டு மணித்தியால இடைவெளி விடுங்கள். விடாமல் வாந்தி எடுத்தால் நாளை பார்க்கலாம் என்றிராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நிறை ஏன் கூடியது என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். இன்சுலின், நீரிழிவுக்கான சில மாத்திரைகள், தொய்வுக்குக் கொடுக்கும் ஸ்ரெரொயிட், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை நிறையைக் கூட்டவல்லவை. தைரொயிட் குறைபாடும் காரணமாகலாம். மருந்தைத் தானாக நிறுத்தவேண்டாம்; வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று கேட்கலாம். பசியைத் தணிக்கும் புதிய ஊசி மருந்துகளும் இன்று வந்துள்ளன. அவை விலை கூடியவை. நிறுத்தினால் நிறை பெரும்பாலும் திரும்பிவிடும். கடன்பட்டு வாங்குவதற்கு முன் இதை யோசிக்கவேண்டும். சத்திரசிகிச்சை செய்யாதவர்கள் நிறை, இரத்த அழுத்தம், சீனி ஆகியவற்றை அரசாங்க வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் பணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

அடுத்தது தேத்தண்ணி. சுருக்கிய இரைப்பை சோற்றைத் தடுக்கும், சீனித் தண்ணியைத் தடுக்காது. அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். தேத்தண்ணியில் தொட்ட பிஸ்கட்டும் அப்படியே. நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி சீனி என்றால் 15 கரண்டி. அது 75 கிராம், 300 கலோரி. ஒரு மணித்தியாலம் மண் கொத்திய உழைப்பு அதில் போய்விடுகிறது. 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் ஆலோசனை. ஒரேயடியாக விடவேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒரு கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் முட்டை, நெத்தலி, பருப்பு, கடலை, சோயா மீற் என்று புரதத்தைத் தின்று, பிறகு மரக்கறி, கடைசியில் சோறோ ரொட்டியோ. இடம் மிஞ்சாவிட்டால் சோறு மிஞ்சட்டும்.

இவ்வளவு செய்தும் தராசு அசையாவிட்டால்? சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006 இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லவேண்டும். எதுவும் செய்யாத பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்தும் உணவைத் திருத்தியும் வந்த பிரிவில் 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் அந்தப் பிரிவினரின் நிறை குறிப்பிடும்படி குறையவில்லை. தராசு காட்டாத நன்மை உடலுக்குள்ளே நடந்திருக்கிறது. ஆகவே நிறையை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் பாருங்கள். கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நடந்த நிமிடங்களையும் சீனிக் கரண்டிகளையும் எழுதிவையுங்கள். வைத்தியருக்கு அது மிகவும் உதவும்.

வீட்டாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அம்மாவுக்குத் தனிச் சட்டியில் பத்தியம், மற்றவர்களுக்கு மாலுபாணும் சோடாவும் என்றிருந்தால் அம்மா எத்தனை நாள் தாங்குவார்? ஒரே சட்டியில் சமையுங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, “அக்கா, மறுபடியும் குண்டாகிவிட்டீர்களே” என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, அடுத்த கிளினிக் நாளன்று கம்பளை பஸ்ஸில் அவருடன் கூடப் போய் வாருங்கள்.