விண்மீன் பேரேட்டின் மூன்றாம் பத்தி

கசார்வாடியைக் கடக்கும் வண்டியினின்று நாம் நோக்குங்கால், அருகிலுள்ள கம்பம் விரைந்து பின்செல்லும். தொலைக்குன்றோ அசையாததுபோல் நிற்கும். அவ்வேறுபாடே தொலைவறியும் வழி.

சென்னை வானாய்வு நிலையத்து டெய்லர் 1844இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 விண்மீன்களின் திசைகளைக் காணலாம். திசைக்கு இரண்டு எண்கள். தொலைவென்னும் மூன்றாவது அதில் இல்லை.

2013இல் ஐரோப்பியர் ஏவிய கையா விண்கலம் பூமியுடன் கதிரவனைச் சுற்றிவந்தது. சுற்றுவழியின் இரு கோடிகளிலிருந்தும் நோக்க, அண்மை மீன் மிகுதியாகவும் சேய்மை மீன் குறைவாகவும் இடம்பெயர்ந்து தோன்றும். 2022இல் வெளியான அதன் பட்டியலில் ஏறத்தாழ 146 கோடி மீன்களுக்கு இவ்வளவீடு உண்டு. திசையோடு தொலைவும் சேர, தட்டையான வானம் நீள அகல ஆழமுள்ள படமாகிறது.

தை மாத மாலையில் ஒருங்கே ஒளிரும் சிரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவிலும், நம் திருவாதிரை பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பாலும் உள. அருகருகே தோன்றுவன யாவும் அண்டைவீட்டார் அல்ல!

இம்மண்ணில் பிறந்த நம் சிறார் பலர் திருவாதிரை என்னும் பெயரையே அறியார். வரும் தையில் மாடிக்கு அழைத்துச் சென்று, பெயரையும் தொலைவையும் தமிழிலேயே சொல்லிக் காட்டுவோமாக.