பெயர்த்தெடுத்துப் பொருத்தும் மர வீடுகள்
பட்டினப்பாக்கம் மக்கள் கரையை விட்டுப் பிரியாதிருக்க ஒரு வழி



கட்டுமரம் என்னும் சொல்லை நாம் எத்தனையோ முறை உச்சரித்திருப்போம். அதன் பொருளைச் சற்றே நின்று சிந்தித்தது உண்டா? செதுக்கி அளவாக்கிய மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்துக் கட்டுவதால் அது கட்டுமரம். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர வைப்பார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது மீண்டும் கட்டுவார்கள். சென்னைப் பட்டினப்பாக்கம் கடற்கரையில் இன்று கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. ஆயினும் அந்தப் பழைய கலத்துக்குள் இருந்த தத்துவம் பழமைப்பட்டு விடவில்லை. பாகங்களை முன்னரே செய்து வைத்துக்கொள்வது, வேண்டிய இடத்தில் பொருத்துவது, தேவை முடிந்ததும் பிரித்து எடுப்பது என்பதே அந்தத் தத்துவம்.

இதே முறையில் மரத்தால் வீடுகள் கட்டும் வழக்கம் உலகின் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. நகரங்களின் வீட்டுப் பஞ்சத்துக்கு இதுவே மருந்து என்று சொல்வோரும் உளர். நம் சென்னைக்கு, குறிப்பாகப் பட்டினப்பாக்கம் போன்ற கரையோரப் பகுதிக்கு, இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நாம் நடுநிலையோடு ஆராய்வோம்.

இற்று உதிரும் கூரைகள்

அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிப் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் அமைந்துள்ளது. குடிசைகளில் வாழ்ந்த மக்களுக்காகக் கட்டப்பட்ட பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் அங்கே உள்ளன. 1970-இல் தோன்றிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறியது, பழைய கட்டடங்களின் முதுமை மாறவில்லை. 2024 டிசம்பரில் சீனிவாசபுரம் குடியிருப்பின் மாடியிலிருந்து சன்னல் மேற்பலகை பெயர்ந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2021 டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூரில் 24 வீடுகளைக் கொண்ட வாரியக் கட்டடம் சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது.

கடலோரத்துக் காங்கிரீட் ஏன் இப்படி உதிர்கிறது? காற்றில் கலந்துள்ள உப்பு, காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கி இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருமனாகிறது. பருத்த கம்பி தன்னை மூடியுள்ள காங்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. தரக்குறைவான கலவையும் பராமரிப்பின்மையும் சேர்ந்துகொண்டால் கேடு விரைகிறது. ஆகவே இக்கட்டடங்களை இடித்துக் கட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அப்படியாயின் அங்கு வாழும் மக்கள் எதற்காக அஞ்சுகின்றனர்? "இடிக்கும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் இடையே நாங்கள் எங்கே இருப்பது? திரும்பி வர விடுவார்களா?" என்பதே அவர்களின் அச்சம்.

அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இக்கரையைத் தாக்கிய பின், சீனிவாசபுரத்துக் குடும்பங்கள் பல, நகரின் தென்கோடியிலுள்ள செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் பெயர்க்கப்பட்டன. வீடு கிடைத்தது; வாழ்வு தொலைதூரமாயிற்று. மீன் விற்ற பெண்மணிக்குச் சந்தை இல்லை. மயிலாப்பூர் வீடுகளில் பணி செய்த தாய்மார்களின் ஊதியத்தில் ஒரு பகுதி பேருந்துக் கட்டணமாயிற்று. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும், மாலையில் ஓதச் சென்ற மதரஸாவும், நோய் வந்தால் ஓடோடி வரும் அண்டை வீட்டாரும் ஒரே நாளில் கைவிட்டுப் போயினர்.

பஞ்சம் எதில்?

இந்திய நகரங்களில் 2012-ஆம் ஆண்டு நிலவரப்படி 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் வீடுகள் பற்றாக்குறை என்று மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு கணக்கிட்டது. இதில் தமிழகத்தின் பங்கு ஏறத்தாழ 12 லட்சத்து 50 ஆயிரம். இத்தொகையைக் கண்டதும் இத்தனை குடும்பங்கள் தெருவில் கிடக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. இவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு, நெரிசலான வீடுகளில் ஒடுங்கி வாழும் குடும்பங்களின் கணக்கு. ஒரே அறையில் பெற்றோரும், மணமான மகனும் மருமகளும், வயது வந்த பெண்ணும் வாழ நேர்வதன் துயரத்தை நம் இல்லங்களில் பலர் அறிவர்.

மறுபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன! எனவே பஞ்சம் செங்கல்லிலும் சிமெண்டிலும் மட்டும் இல்லை. எளியோருக்கு எட்டும் விலையில், பிழைப்புக்கு அருகில் உள்ள வீட்டுக்கே பஞ்சம். எந்தத் தொழில்நுட்பமும் புதிதாக நிலத்தைப் படைத்துவிடாது. அது தரக்கூடியது ஒன்று உண்டு. அதுதான் காலம்.

தொழிற்சாலையில் பிறக்கும் வீடு

வீட்டின் சுவர், தளம், கூரை ஆகியவற்றைத் தொழிற்கூடத்தில் செய்து, கட்டும் இடத்துக்கு ஏற்றிச் சென்று பொருத்துவதே இம்முறை. அங்கே அடித்தளம் இடப்படும் அதே வேளையில் இங்கே சுவர்கள் தயாராகின்றன. மழை வந்தாலும் வேலை நிற்பதில்லை.

நம் நாட்டுக்கு இது புதிதன்று. பிரிவினையின்போது அகதிகளாக வந்த மக்களுக்காக 1948-இலேயே டெல்லியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. தொடக்க காலத்து முயற்சி தோல்வியுற்றது. பலகைகள் எதிர்பார்த்த தரத்தில் அமையவில்லை. பின்னர் அந்நிறுவனமே உருமாறி இந்துஸ்தான் பிரீஃபாப் லிமிடெட் ஆயிற்று. அயல்நாட்டு முறையை நம் தட்பவெப்பத்தில் சோதித்துப் பாராமல் பெருந்திட்டத்தில் இறங்கலாகாது என்பது அன்று கிடைத்த படிப்பினை.

சென்னையின் அண்மைக்கால எடுத்துக்காட்டு பெரும்பாக்கத்தில் உள்ளது. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட கலங்கரை விளக்கத் திட்டத்தின் 1,152 வீடுகள், 2022 மே 26 அன்று திறந்து வைக்கப்பட்டன. முன்வார்ப்புக் காங்கிரீட் பாகங்களைப் பொருத்தி, பதினேழு மாதங்களுக்குள், அதுவும் கொரோனா காலத்தில் முடிக்கப்பட்ட பணி அது. ஆறு மாநிலங்களில் ஆறு வெவ்வேறு புதிய முறைகளில் இத்தகைய குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. காங்கிரீட் உண்டு, எஃகுச் சட்டம் உண்டு, பிளாஸ்டிக் வார்ப்பும் உண்டு. மரம் மட்டும் இல்லை!

ஏன் மரம் ஒதுக்கப்பட்டது?

காடுகள் அழிகின்றனவே என்னும் நியாயமான கவலையால், மத்தியப் பொதுப்பணித் துறை 1993-இல் தன் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டு மரங்களை வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. நம் முன்னோர் ரங்கூனிலிருந்து கப்பலேற்றி வந்த பர்மாத் தேக்கின் வரத்தும், 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியதோடு அடைபட்டது.

பொதுப்பணித் துறையின் தடை 2020-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஏனெனில் காட்டு மரம் வேறு, வேளாண் நிலத்தில் நட்டு வளர்க்கும் மரம் வேறு என்பது தெளிவாயிற்று. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பு, சவுக்கு முதலிய மரங்களின் மேம்பட்ட இரகங்களை உழவர்களிடம் கொண்டு சேர்த்துள்ளது. வளரும் மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு தனக்குள் சேமிக்கிறது. சிமெண்டுத் தொழிலோ உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுக்குக் காரணமாக இருக்கிறது.

மரம் தாங்குமா?

இது அனைவரும் கேட்கும் கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வலிமை: பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிப் பசையிட்டு அழுத்தினால் சுவராகவும் தளமாகவும் நிற்கத்தக்க பெரும்பலகை உருவாகிறது. லண்டன் நகரில் 2009-இல் இத்தகைய பலகைகளால் ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. அதன் மரச் சட்டகத்தை நான்கு தச்சர்கள் 27 வேலை நாட்களில் பொருத்தி முடித்தனர். ஒரு கன மீட்டர் காங்கிரீட் ஏறத்தாழ 2,400 கிலோ எடை. அதே அளவு மரம் சுமார் 500 கிலோ. மணற்பாங்கான கரையில் எடை குறைவது அடித்தளத்துக்கு நன்மை. ஆனால் 2016 வர்தா புயலைக் கண்ட நகரம் இது. இலேசான வீட்டைக் காற்று தூக்காதபடி தரையோடு நங்கூரமிட்டுப் பிணைத்தாக வேண்டும்.

தீ: கூரைக் குடிசைகள் நொடியில் சாம்பலானதைக் கண்டவர்கள் மர வீடென்றால் அஞ்சுவது இயல்பே. கீற்றும் மெல்லிய குச்சியும் பற்றுவது போல் பருத்த மரம் பற்றுவதில்லை. அதன் மேற்பரப்பு கரியாகி, அக்கரியே உள்மரத்துக்குக் காப்பாகிறது. ஒரு மணி நேரத்தில் சுமார் 40 மில்லிமீட்டர் ஆழமே அது எரிகிறது. எனினும் சமையலறைச் சுவருக்கு ஜிப்சம் பலகைக் காப்பும், வீடுகளுக்கிடையே போதிய இடைவெளியும் கட்டாயம் வேண்டும்.

கறையானும் ஈரமும்: மரத்தைக் காக்கும் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவையை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்து உலகுக்கு அளித்தவர் சோந்தி காமேசம் என்னும் இந்திய அறிவியலாளரே. ஆர்செனிக் நச்சு என்பதால் பல நாடுகள் பிற்காலத்தில் குடியிருப்புகளில் அதைத் தவிர்த்தன. போராக்ஸ் வகை உப்புகள் போன்ற பாதுகாப்பான மாற்றுகள் இன்று உள்ளன. மழையும் ஈரமும் மிகுந்த குமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் அரண்மனை நானூறு ஆண்டுகளாக நிற்பதைப் பாருங்கள். உயர்ந்த மேடை, நீண்டு இறங்கும் கூரை, இடையறாத பராமரிப்பு ஆகிய மூன்றும் அதன் ஆயுளைக் காத்தன. 2015 வெள்ளத்தில் அடையாறு கரைபுரண்டதை நினைத்தால், இங்கும் தரையிலிருந்து உயர்த்தாத மர வீடு நிலைக்காது என்பது விளங்கும்.

விலை: இன்று இத்தகைய பெரும்பலகைகள் நம் நாட்டில் மலிவாகக் கிடைப்பதில்லை. ஆகவே நகரத்து எளியோர் அனைவருக்கும் நிலையான மாடி வீடுகளை மரத்தாலேயே கட்டிவிடலாம் என்பது இப்போதைக்கு வீண் ஆசை. அப்படியானால் மரத்தின் இடம் எது? கடற்கரை மக்கள் பட்ட பாட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது.

இரு கடற்கோள்கள்

சுனாமிக்குப் பின் தமிழகக் கரையோரம் பல இடங்களில் தார் பூசிய அட்டைகளால் தற்காலிகக் கொட்டகைகள் அமைக்கப்பட்டன. கோடையில் அவை அடுப்பாகக் கொதித்தன. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பகலில் உள்ளே இருக்க இயலாமல் தவித்தனர்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைக் கடற்கோள் தாக்கியபோது, இவாத்தே மாநிலத்தின் சுமிதா என்னும் சிறிய மலையூர் வேறு வழியைக் காட்டியது. மரத்தொழில் அவ்வூரின் பிழைப்பு. பாதிக்கப்பட்ட கரையோர மக்களுக்காக அவ்வூர் மரத்தாலேயே தனித்தனிச் சிறு வீடுகளைப் பேரிடர் நிகழ்ந்த சில வாரங்களுக்குள் எழுப்பத் தொடங்கியது. தற்காலிகம் என்றால் தரக்குறைவு என்று பொருளல்ல என்பதை அது மெய்ப்பித்தது.

பட்டினப்பாக்கத்துக்கு மரம் உதவக்கூடிய இடம் இதுவே. கட்டடங்களை இடித்துக் கட்டும் இடைக்காலத்துக்கான வீடுகளாக அவை அமையலாம். சீனிவாசபுரத்துக்குள்ளேயோ, நடந்து செல்லும் தொலைவிலுள்ள அரசு நிலத்திலோ, கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு உட்பட்டு ஒரு கட்டடத்துக் குடும்பங்களுக்குப் போதுமான மர வீடுகளைப் பொருத்த வேண்டும். அவர்கள் அங்கே தங்க, அவர்களின் கட்டடம் முன்வார்ப்பு முறையில் விரைந்து எழ வேண்டும். அவர்கள் புதுவீடு புகுந்ததும் அதே மர வீடுகளில் அடுத்த கட்டடத்தார் தங்கலாம். எல்லாம் முடிந்தபின் வீடுகளைப் பிரித்து வேறு பகுதிக்கு ஏற்றிச் செல்லலாம். ஒரே மரம் பல குடும்பங்களுக்குப் பயன்படுவதால் விலையும் தாங்கத்தக்கதாகும்.

பிரித்தால் மீண்டும் பொருந்துமா என ஐயுறுவோர், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்திராவுக்கு ஒருமுறை சென்று வரலாம். கேரளத்தின் பழைய மர வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பொருத்தி அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

இன்று நடைமுறை என்ன? மறுகட்டுமானத்துக்காக வெளியேறும் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை வழங்கும் திட்டம் உள்ளது. பணி முடிய ஒன்றரை ஆண்டு ஆகுமெனக் கொண்டால் மாதத்துக்கு 1,333 ரூபாய். மந்தைவெளியிலோ மயிலாப்பூரிலோ இத்தொகைக்கு ஓர் அறையேனும் வாடகைக்குக் கிடைக்குமா? பணி நீண்டால் அதுவும் இல்லை. கடனும் இடம்பெயர்வும்தான் மிச்சம்.

விழிப்பு வேண்டும்

இதில் ஓர் அபாயமும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டன் 1,56,623 தற்காலிக வீடுகளைப் பொருத்தியது. பத்தாண்டு ஆயுள் என்று திட்டமிட்டார்கள். லண்டன் கேட்ஃபோர்டு பகுதியில் அவ்வகை மரச்சட்ட வீடுகளில் அறுபது ஆண்டுகள் கடந்தும் மக்கள் குடியிருந்தனர். இடைக்காலம் எல்லையின்றி நீளும் இயல்புடையது. எனவே தேதி குறிக்கப்படாத இடைக்கால வீட்டை எவரும் ஏற்கலாகாது.

வாசகர்களே! உங்கள் குடியிருப்போ உங்கள் உறவினர் குடியிருப்போ மறுகட்டுமானப் பட்டியலில் இருக்குமாயின், சாவியை ஒப்படைக்கும் முன் இவற்றை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள்:

இடைக்காலத்தில் தங்குமிடம் எது? அது எவ்வளவு தொலைவில் உள்ளது?

புதிய வீடு ஒப்படைக்கப்படும் நாள் எது? தாமதமானால் உதவித்தொகை தொடருமா?

அதே இடத்தில்தான் வீடு கிடைக்கும் என்பதற்கான ஆவணம் எங்கே? அதில் குடும்பத் தலைவியின் பெயர் உள்ளதா?

மணமாகித் தனிக்குடும்பமான பிள்ளைகள் கணக்கில் சேர்க்கப்பட்டனரா?

தனித்தனியே கேட்டால் குரல் அமுங்கிப் போகும். குடியிருப்போர் சங்கமாக, மீனவர் அவையாரும் ஜமாஅத்தாரும் மாதா கோவில் அன்பர்களும் ஒன்றுகூடிக் கேட்டால் செவிசாய்த்தே ஆக வேண்டும். மரத்தில் கட்டினாலும் காங்கிரீட்டில் கட்டினாலும், ஒரு குடும்பம் தன் பிழைப்பையும் அண்டை அயலாரையும் இழக்காமல் புதிய கூரையின் கீழ் செல்ல வேண்டும். அதற்கான வழி இருக்கிறது; அதை வற்புறுத்திக் கேட்கும் பொறுப்பு நம்முடையது.